அர்பத்நாட் வங்கி மூழ்கிய கதையும் சேமிப்பின் பாலபாடமும்

1906ஆம் வருடம், அக்டோபர் 22, திங்கட்கிழமை. அன்று மதராஸ் நகரில் 'அர்பத்நாட் அண்ட் கம்பெனி' என்ற நிறுவனம் திவாலானது. அப்போதைய மதராஸில் இந்தச் செய்தியை நம்புவதற்கே பலருக்கு நேரம் பிடித்திருக்கும். ஏனென்றால் அர்பத்நாட் என்பது ஏதோ ஒரு சந்துக் கடை அல்ல. பாரி, பின்னி, அர்பத்நாட் என்று மூன்று வெள்ளைக்கார வணிக நிறுவனங்கள் அந்த ஊரை ஆண்டுகொண்டிருந்த காலம் அது. மூன்றிலும் பலமானது என்று பெயர் வாங்கியது அர்பத்நாட்தான். கிட்டத்தட்ட நூறு வருடப் பழமை, தலைவராக 'சர்' பட்டம் பெற்ற ஜார்ஜ் அர்பத்நாட்... இதற்குமேல் என்ன உத்தரவாதம் வேண்டும்?

அப்படித்தான் ஆயிரக்கணக்கான பேர் நினைத்தார்கள். ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியர்கள், வக்கீல்கள், விதவைகள் என்று பல தரப்பினரும் தங்கள் வாழ்நாள் சேமிப்பை அங்கே டெபாசிட் செய்திருந்தார்கள். ஒரே நாளில் அந்தப் பணம் வெறும் காகிதக் கணக்காக மாறியது.

"பேராசை பெருநஷ்டம்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். பணம் பறிபோன எந்தச் செய்தியைப் படித்தாலும் முதலில் வாயில் வருவது இந்தப் பழமொழிதான். ஆனால் அர்பத்நாட் விஷயத்தில் அது பொருந்தவே இல்லை. அங்கே பணம் போட்டவர்கள் சூதாடியவர்கள் அல்ல. சூதாட்டத்துக்குப் பயந்து, பத்திரமாக இருக்கட்டும் என்று பெரிய பெயரைத் தேடிப் போனவர்கள். அதனால்தான் சேமிப்பு, முதலீடு என்று கற்றுக்கொள்ளத் தொடங்கும் ஒருவருக்கு இந்தக் கதை பாடப்புத்தகத்தைவிட உபயோகமாக இருக்கும்.

அன்று எங்கெல்லாம் சேமித்தார்கள்?

வங்கி என்பது அப்போது எல்லோருக்குமான இடமாக இல்லை. பெரும்பாலான குடும்பங்களுக்குச் சேமிப்பு என்றால் நகைதான். கையில் இருக்கும், அவசரத்துக்கு அடகு வைக்கலாம், ஆனால் பெட்டியில் இருக்கும்வரை ஒரு பைசா வட்டி தராது. அடுத்தது சீட்டு. தெரிந்தவர்கள் கூடி மாதாமாதம் போட்டு, ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வது. அதற்கும் மேலே மதராஸுக்கே உரிய ஒரு ஏற்பாடு இருந்தது... நிதி! மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்ட் 1872லேயே தொடங்கப்பட்டுவிட்டது. உறுப்பினர்கள் பணம் போடுவார்கள், உறுப்பினர்களே கடன் வாங்குவார்கள். நகையின் பேரில் கடன் கொடுப்பது இத்தகைய நிதிகளின் வழக்கம். 1882ல் அஞ்சலகச் சேமிப்பு வங்கியும் வந்துவிட்டது. வட்டி குறைவு, ஆனால் பின்னால் நிற்பது அரசாங்கம்.

இவை தவிர பாங்க் ஆஃப் மெட்ராஸ் இருந்தது. 1843ல் தொடங்கிய இந்த வங்கியில் அரசாங்கப் பணமே புழங்கியது. (இதுதான் 1921ல் இம்பீரியல் வங்கியோடு கலந்து, 1955ல் ஸ்டேட் வங்கி ஆனது.) அரசாங்கப் பணம் இருப்பதால் அதற்குக் கடிவாளமும் பலமாக இருந்தது. 1876ஆம் வருடச் சட்டப்படி அது நீண்ட காலத்துக்குக் கடன் தரக்கூடாது, நிலம் வீட்டை அடமானமாக வாங்கிக்கொண்டு கடன் தரக்கூடாது, வெளிநாட்டு நாணய மாற்று வியாபாரத்தில் இறங்கக்கூடாது. சலிப்பூட்டும் வங்கி என்றுகூடச் சொல்லலாம். ஆனால் டெபாசிட் போட்டவனுக்கு அந்தச் சலிப்புதான் தூக்கத்தைத் தரும்.

அர்பத்நாட்டுக்கு இந்தக் கடிவாளம் எதுவும் கிடையாது. அது ஒரு கூட்டாண்மை நிறுவனம். பார்ட்னர்ஷிப். ஏற்றுமதி, இறக்குமதி, ஏஜென்சி, பல கம்பெனிகளின் நிர்வாகம் என்று நூறு தொழில் செய்துகொண்டே, பக்கத்திலேயே பொதுமக்களிடம் டெபாசிட்டும் வாங்கியது. கூட்டாண்மை என்பதால் வருடாவருடம் ஐந்தொகையை ஊருக்கு வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பது கூட்டாளிகளுக்கு மட்டுமே தெரியும். வெளியே இருந்தவர்களுக்குத் தெரிந்தது கட்டடமும், சாரட்டும், கவர்னர் விருந்தில் போடப்பட்ட நாற்காலியும்தான்.

டெபாசிட் என்றால் உண்மையில் என்ன?

இங்கேதான் முதல் பாடம். வங்கியில் பணம் "வைத்திருக்கிறேன்" என்று தமிழில் சொல்கிறோம். பெட்டியில் நகை வைப்பதுபோல, அந்த நோட்டுகள் அங்கே ஒரு மூலையில் காத்திருப்பதாக ஒரு பிரமை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. கணக்கியல் முதலாண்டு மாணவனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லுவான். வங்கியின் ஐந்தொகையில் டெபாசிட் பொறுப்புகள் பக்கத்தில் வரும். அதாவது அது வங்கி பட்ட கடன்! டெபாசிட் செய்பவர் வங்கிக்குக் கடன் கொடுத்தவர். அதுவும் பெரும்பாலும் எந்த அடமானமும் வாங்காமல் கொடுத்தவர்.

ஒருவருக்குக் கைமாற்றாக ஆயிரம் ரூபாய் கொடுக்கும்போது நூறு கேள்வி கேட்கிறோம். என்ன வேலை செய்கிறார், எதற்குக் கேட்கிறார், எப்போது திருப்பித் தருவார்... அதே ஆள் வங்கிக்குள் நுழைந்தால் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அர்பத்நாட்டின் வாடிக்கையாளர்களும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது என்பது வேறு விஷயம்.

அந்தப் பணம் எங்கே போனது? லண்டனில் பி. மக்ஃபாடியன் அண்ட் கம்பெனி என்று அர்பத்நாட்டோடு பிணைந்த ஒரு நிறுவனம் இருந்தது. அதை நடத்தியவர் பாட்ரிக் மக்ஃபாடியன். மதராஸில் சேர்ந்த பணம் அந்த வழியாகவும் வேறு வழிகளிலும், பலன் கிடைக்க வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டிய துணிச்சலான திட்டங்களிலும் ஊக வியாபாரத்திலும் முடங்கியது. மயிலாப்பூர் விதவையின் பணம் எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது பாடம் இதில் இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு பேர் ஆளுக்கு 100 ரூபாய் டெபாசிட் செய்கிறார்கள். மொத்தம் 10,000 ரூபாய். எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில், வங்கி 1,500 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு மீதி 8,500ஐ வெளியே விடுகிறது. அந்த 8,500 மூன்று மாதத்தில் திரும்பும் வியாபாரிக் கடனாக இருந்தால், கொஞ்சம் நெருக்கடி வந்தாலும் சமாளிக்கலாம். அதுவே பத்து வருடம் கழித்துப் பலன் தரும் ஒரு சுரங்கத்தில் போட்டிருந்தால்? சுரங்கம் நல்ல சுரங்கமாகவே இருந்தாலும் வங்கி மாட்டிக்கொள்ளும். பதினாறாவது ஆள் பணம் கேட்டு வந்து நிற்கும்போது, சுரங்கத்தில் ஒரு துண்டை வெட்டியா கொடுக்க முடியும்? சொத்து இருக்கிறது, ஆனால் ரொக்கம் இல்லை. வணிகவியலில் இதைத்தான் லிக்விடிட்டி பிரச்சினை என்கிறார்கள். அர்பத்நாட்டில் இன்னும் மோசம். ரொக்கமும் இல்லை, கணக்கில் காட்டிய சொத்துக்கும் அந்த மதிப்பு இல்லை.

சரிவு வந்த அந்த நாட்களிலேயே மக்ஃபாடியன் லண்டனில் தற்கொலை செய்துகொண்டார். மதராஸில் சர் ஜார்ஜ் அர்பத்நாட் மீது வழக்கு நடந்தது. 1907ல் அவருக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. ஒரு வெள்ளைக்கார 'சர்' கடுங்காவலுக்குப் போனது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் அல்ல. ஆனால் அதனால் டெபாசிட்காரர்களின் பணம் திரும்பவில்லை. கூட்டாண்மை என்பதால் கூட்டாளிகளின் சொந்தச் சொத்துக்கும் பொறுப்பு உண்டு, சட்டப்படி அதையும் பிடிக்கலாம். ஆனால் கடல் அளவு கடனுக்கு முன்னால் ஒரு பங்களாவும் தோட்டமும் எம்மாத்திரம்?

மூன்று பெரிய நிறுவனங்களில் பின்னியும் அதே 1906ல் தள்ளாடியது. பிறகு அது இன்ச்கேப் பிரபுவின் கைக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டது. பாரி மட்டும் தாக்குப்பிடித்து நின்றது. பாரிமுனை என்று இன்றும் பேர் சொல்லுகிறோமே, அந்த பாரிதான்.

அதே அக்டோபரில் தூத்துக்குடியில்...

இந்தக் கதையில் பலரும் கவனிக்காத ஒரு ஒற்றுமை உண்டு. அர்பத்நாட் கவிழ்ந்த அதே 1906 அக்டோபரில்தான் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். வ.உ.சி. ஊர் ஊராகச் சுற்றிப் பங்கு விற்றார். 1907ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. போட்டிக்கு இருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. 1908ல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911ல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பல் போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது என்பதுதான் அதில் பெரிய கொடுமை.

ஆக இங்கேயும் பணம் போட்டவர்கள் இழந்தார்கள், அங்கேயும் இழந்தார்கள். இரண்டும் ஒன்றா?

இல்லை. சுதேசிக் கப்பலில் 25 ரூபாய் போட்டவர் பங்குதாரர். கம்பெனியின் ஒரு சிறு துளிக்கு அவர் முதலாளி. லாபம் வந்தால் டிவிடெண்ட், நஷ்டம் வந்தால் போட்ட 25 ரூபாய் போகும், அதற்குமேல் அவர் வீட்டுக் கதவை யாரும் தட்ட முடியாது. இது அவருக்கு முன்கூட்டியே தெரியும். வெள்ளைக்காரக் கப்பலை எதிர்த்து ஓடப்போகிறோம் என்று தெரிந்தே, மனசு வைத்துப் போட்ட பணம். அர்பத்நாட் டெபாசிட்காரர் அப்படி அல்ல. லாபம் எவ்வளவு வந்தாலும் அவருக்கு நிர்ணயித்த வட்டி மட்டும்தான். ஆனால் கூட்டாளிகளின் ஊக வியாபாரம் தோற்றால் அசலே போகும். பங்குதாரர் அளவுக்கு ஆபத்தைச் சுமந்துகொண்டு, கடன்காரருக்குரிய சிறு வட்டியை வாங்கிக்கொண்டிருந்தார். அதுவும் சுமக்கிறோம் என்றே தெரியாமல்!

சேமிப்புக்கும் முதலீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பல புத்தகங்கள் பல விதமாக விளக்குகின்றன. இந்த இரண்டு கம்பெனிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே அது புரிந்துவிடும். ஆபத்தைத் தெரிந்து ஏற்பது ஒன்று, தெரியாமல் தலையில் கட்டப்படுவது வேறொன்று.

சாம்பலில் இருந்து ஒரு வங்கி

அர்பத்நாட் விழுந்த கோபத்தில் மதராஸ்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். நம் பணத்தை நாமே நடத்தும் வங்கியில் வைப்போம் என்று கிளம்பினார்கள். முன்னால் நின்றவர் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர். (பாரதியாரின் தேசபக்திப் பாடல்களை 1907ல் தன் செலவில் அச்சிட்டு வழங்கியவரும் இவரே. அரசியலில் பாரதியின் எதிர்முகாம் என்பதுதான் வேடிக்கை.) செட்டிநாட்டு நகரத்தார் மூலதனம் துணைக்கு வந்தது. 1907 மார்ச் 5ல் இந்தியன் வங்கி பதிவானது. அதே வருடம் ஆகஸ்ட் 15ல் வேலையைத் தொடங்கியது. சுதந்திரத்துக்குச் சரியாக நாற்பது வருடம் முன்னால்!

சுதேசி உணர்வைப் பற்றியே பலரும் எழுதுகிறார்கள். ஆனால் வணிகவியல் கண்ணோடு பார்த்தால் இன்னொரு மாற்றம்தான் முக்கியம். இது கூட்டாண்மை அல்ல, பங்கு மூலதனத்தோடு பதிவான லிமிடெட் கம்பெனி. டைரக்டர்கள் உண்டு, தணிக்கை உண்டு, ஐந்தொகை உண்டு. பெயரை நம்பிய இடத்தில் கணக்கைப் பார்க்க ஒரு வழி பிறந்தது.

ஆனால் கணக்கு வெளியிட்டால் மட்டும் போதுமா? போதாது என்று 1938 காட்டியது. 1937ல் இரண்டு வங்கிகள் இணைந்து உருவான திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி அடுத்த வருடமே கதவை மூடியது. திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி ஐயருக்கும் வங்கியின் தலைவர்களுக்கும் இருந்த பகை அதற்கு ஒரு பெரிய காரணம் என்பது பலரின் கருத்து. வதந்தி பரவியது, கூட்டம் வந்தது, ரொக்கம் தீர்ந்தது. ரிசர்வ் வங்கி 1935லேயே வந்துவிட்டது. ஆனாலும் இந்த வங்கி பிழைக்கவில்லை. வங்கித் தலைவர்களில் ஒருவரான கே.சி. மாம்மன் மாப்பிள்ளை சிறைக்குப் போனார். அவருடைய மகன் ஒருவர் பிறகு 1946ல் திருவொற்றியூரில் பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயர் ஆனது. எல்லாக் குடும்பத்துக்கும் அப்படி ஒரு இரண்டாவது அத்தியாயம் கிடைக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு 1949ல் வங்கிகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அப்படியும் 1960ல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூழ்கியது. அதற்குப் பின்தான் அரசாங்கம் அடிப்படைக் கேள்விக்கு வந்தது. வங்கிக் கணக்கைப் படித்துப் புரிந்துகொள்வது சாதாரண மனிதனால் ஆகிற காரியமா? வங்கிக்குள் நடப்பதை அவன் தலையில் கட்டலாமா? 1961ல் டெபாசிட் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறி, 1962 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வங்கி மூழ்கினால் ஒரு டெபாசிட்காரருக்கு 1,500 ரூபாய் வரை நிச்சயம் கிடைக்கும். இதற்கான பிரீமியத்தைக் கட்டுவது வங்கிதான், டெபாசிட்காரர் அல்ல. அர்பத்நாட் மூழ்கி 55 வருடம் கழித்து!

1,500 என்ற வரம்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 1993ல் 1 லட்சம் ஆனது. பிறகு 27 வருடம் அசையவே இல்லை. இங்கே பணவீக்கத்துக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், 27 வருடத்தில் 1 லட்சம் ரூபாயின் வாங்கும் சக்தி சுமார் 21,000 ரூபாய்க்குச் சுருங்கிவிடும். காகிதத்தில் அதே லட்சம்தான், பாதுகாப்பு மட்டும் ஐந்தில் ஒரு பங்கு. வட்டியே இல்லாமல் பீரோவில் பூட்டி வைத்த பணத்துக்கும் இதே கதிதான். யாரும் திருடவில்லை, ஆனாலும் குறைந்துகொண்டே வரும். அதனால்தான் "ரிஸ்க்கே வேண்டாம்" என்பதும் ஒரு ரிஸ்க்காகிவிடுகிறது. 2020 பிப்ரவரி 4 முதல் இந்த வரம்பு 5 லட்சம் ஆனது. அசல், வட்டி இரண்டும் சேர்த்து, ஒரு வங்கியில் ஒருவருக்கு என்பது கணக்கு. ஒரே வங்கியின் நான்கு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் ஒன்றாகக் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

இந்தக் காப்பீடு வங்கிகளுக்கு மட்டும்தான் என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். 1990களில் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு பைனான்ஸ் கம்பெனிகள் முளைத்தன. வங்கி தருவதைப் போல இரண்டு மடங்கு வட்டி, சில இடங்களில் தங்கக் காசு வேறு! 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாக ஆகும் வருடம் தோராயமாகக் கிடைக்கும். 12 சதவீதம் என்றால் 6 வருடம். 24 சதவீதம் என்றால் 3 வருடம். வாங்குபவருக்கு இது இனிப்பான கணக்கு. ஆனால் கொடுப்பவர் பக்கம் இருந்து பார்த்தால்? 3 வருடத்தில் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும் என்றால், வாடகை, சம்பளம் போக அதைவிட வேகமாகச் சம்பாதிக்கும் தொழில் ஒன்று அவர் கையில் இருக்க வேண்டும். அப்படி ஒரு தொழில் இருந்தால் அவர் ஏன் தெருவில் நின்று பணம் கேட்கிறார் என்று கேட்டவர்கள் குறைவு. கம்பெனிகள் வரிசையாக விழுந்த பிறகு, 1997ல் தமிழக அரசு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஏமாற்றிய நிறுவனத்தின் சொத்தை முடக்கி, விற்று, பணம் போட்டவர்களுக்குப் பிரித்துத் தர அது வழி செய்தது.

காப்பீடு இருந்த வங்கியிலும் நடைமுறையில் ஒரு ஓட்டை இருந்தது. பணம் கிடைக்கும், ஆனால் எப்போது? வங்கியை அதிகாரபூர்வமாக மூடினால்தான் காப்பீடு வரும். 2019 செப்டம்பரில் மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கி மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. முதலில் ஒரு கணக்கிலிருந்து 1,000 ரூபாய் மட்டும் எடுக்கலாம் என்றார்கள். வரம்பு பிறகு படிப்படியாக உயர்ந்தாலும், வங்கி மூடப்படவும் இல்லை, முழுசாகத் திறக்கவும் இல்லை. மகளின் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் வைத்திருந்த பணம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது. 113 வருடத்துக்கு முந்தைய மதராஸ் தெருவில் நின்றவர்கள் இவர்களைப் பார்த்திருந்தால் உடனே அடையாளம் கண்டிருப்பார்கள்.

2021ல் சட்டம் திருத்தப்பட்டது. இப்படிக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டால், வங்கி மூடப்படும்வரை காத்திருக்காமல், 90 நாட்களுக்குள் 5 லட்சம் வரையிலான டெபாசிட்டைக் காப்பீட்டுக் கழகம் கொடுத்துவிட வேண்டும்.